அந்த 30 காசு: ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு ஒரு பெட்டிக்கடைக்காரனின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜி.எஸ்.டி. கவுன்சில் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களான மாநில நிதியமைச்சர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத் தெருவில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. எண் வாங்க வேண்டிய தேவைகூட இல்லாத சின்னக் கடை. ஆனாலும் நொறுக்குத் தீனி முதல் பல பண்டங்களுக்கு வரியைக் குறைத்து 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி டெல்லியில் நீங்கள் எடுத்த முடிவு என் கடை வாசலில்தான் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. எதற்கு எவ்வளவு குறைத்தீர்கள் என்பதை உங்களிடமே நான் ஒப்பிக்க வேண்டியதில்லை. அது அமலுக்கு வந்த செப்டம்பர் 22-க்கு அப்புறம் இங்கே என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஐந்து ரூபாய் நொறுக்குத் தீனி பாக்கெட் இன்றும் ஐந்து ரூபாய்தான். நடுவில் கொஞ்ச நாள் 4 ரூபாய் 50 காசு என்று அச்சடித்த பாக்கெட்டுகள் வந்தன. 50 காசுச் சில்லறைக்கு நான் எங்கே போவேன்? "ரெண்டா வாங்கிக்கோ" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சமாளித்தேன். பிறகு லைன் வண்டியில் வரும் தம்பி புதுச் சரத்தை மாட்டிவிட்டு, "அண்ணாச்சி, விலை பழையபடி அஞ்சுதான். உள்ளே கிராம் கூடியிருக்கு" என்றான்.

அன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டுக் கணக்குப் போட்டேன். 12 சதவீத வரி இருந்தபோது 5 ரூபாய் பாக்கெட்டில் உங்களுக்கு வந்தது 54 காசு. இப்போது 5 சதவீதத்தில் 24 காசு. நீங்கள் விட்டுக்கொடுத்தது 30 காசு. அந்த 30 காசு யார் பைக்கும் போகவில்லை. எண்ணெயும் உப்பும் மாவுமாக மாறி, பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

யார் வயிற்றுக்குள் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் காலை எட்டரைக்குக் கடைக்கு வருவான். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. வேன் ஆறே முக்காலுக்கே வந்துவிடும். போன வருடம் வரை அவனைக் காலையில் என் கடைப் பக்கம் பார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியிலேயே காலைச் சாப்பாடு, திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி என்று வயிறு நிறைந்துவிடும். ஆறாம் வகுப்புக்குப் போனதும் அது நின்றுவிட்டது. பதினொரு வயதில் காலைப் பசி தானாக நின்றுவிடும் என்று யாரோ கணக்குப் போட்டிருப்பார்கள் போல. இனி மதியச் சத்துணவுதான்.

அவன் கையில் ஐந்து ரூபாய் இருக்கும். வாழைப்பழத் தாரைப் பார்ப்பான், விலை கேட்க மாட்டான். பழம் எட்டு ரூபாய் என்பது அவனுக்குத் தெரியும். சரத்தில் தொங்குகிற பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் கிராமைப் படிப்பான். எதில் ஒரு கிராம் கூட இருக்கிறதோ அதைக் கிழித்துக்கொள்வான். பாதியைத் தின்றுவிட்டு, வாயை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். மீதி இன்டர்வலுக்கு. போன அக்டோபரில் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, இப்போ எல்லாத்துலயும் கூட இருக்கு." உங்கள் வரிச் சீர்திருத்தத்தை மனதாரப் பாராட்டியவன் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான்.

அந்தச் சிரிப்புதான் இந்த மடலை எழுத வைத்தது. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. பண்டத்தின் பெயரைப் பார்த்து வரி போடாதீர்கள். பாக்கெட்டுக்குள் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு உப்பு, எவ்வளவு கொழுப்பு என்று பார்த்துப் போடுங்கள். அதில் வருகிற காசைப் பிள்ளைகளின் காலை வயிற்றுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

இதில் எனக்கு லாபம் கிடையாது. வரி ஏறினால் முதலில் படுப்பது என் வியாபாரம்தான். ஆனால் எட்டு வருடமாக எனக்குச் சுகர். கல்லாப்பெட்டியில் சில்லறையோடு சுகர் அளக்கிற ஸ்ட்ரிப் டப்பாவும் கிடக்கும். அந்த ஸ்ட்ரிப்புக்கும் வரியை 12-லிருந்து 5 ஆகக் குறைத்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் சாக்லேட்டும் 5, பிஸ்கட்டும் 5, ஐஸ்கிரீமும் 5. சுகரை ஏற்றுகிற பண்டத்துக்கும் அதை அளக்கிற ஸ்ட்ரிப்புக்கும் ஒரே வரி போட்டதில் உங்கள் சமத்துவம் தெரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2023-இல் வெளியிட்ட ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். எங்கள் மாநிலத்தில் மாத்திரையை வீடு தேடிக் கொண்டு வந்து கொடுக்க ஒரு திட்டமே நடக்கிறது. பாக்கெட்டும் வீடு தேடி வருகிறது, மாத்திரையும் வருகிறது.

குளிர்பானத்துக்கு 40 சதவீதம் போட்டிருக்கிறோமே என்பீர்கள். சரி. ஆனால் அங்கேயும் நீங்கள் சர்க்கரையைப் பார்க்கவில்லை, நுரையைத்தான் பார்த்தீர்கள். உள்ளூர்க்காரர் போடுகிற பன்னீர் சோடா 40. சர்க்கரையே சேர்க்காத டயட் கோலாவும் 40. அட்டைப் பெட்டியில் வரும் மாம்பழ ஜூஸ் 5. அதன் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், சர்க்கரையில் கோலாவுக்குச் சளைத்ததாக இருக்காது. நுரை இல்லை, அவ்வளவுதான்.

பெயர் பார்த்து வரி போடுவதில் நீங்கள் எவ்வளவு தூரம் போவீர்கள் என்பதை 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த உங்கள் கூட்டத்தில் பார்த்தோம். உப்பு, மசாலா போட்ட பாப்கார்ன் சில்லறையாக விற்றால் 5, பாக்கெட்டில் போட்டால் 12, கேரமல் போட்டால் 18 என்று விளக்கினீர்கள். நாடே சிரித்தது. உண்மையில் சர்க்கரை சேர்ந்தால் வரி கூட வேண்டும் என்ற எண்ணம் தப்பே இல்லை. அந்த எண்ணத்தை மற்றப் பண்டங்களுக்கும் நீங்கள் நீட்டாததுதான் தப்பு. 2025 ஜனவரியில் வந்த மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கைகூட, மிகையாகப் பதப்படுத்திய உணவுகளுக்கு ஆரோக்கிய வரி போல் கூடுதல் வரி போடலாம் என்று சொல்லியிருந்தது. எட்டே மாதத்தில் நீங்கள் குறைத்தீர்கள். ஒருவேளை அந்த அறிக்கையை யாராவது பொட்டலம் மடிக்க எடுத்துப் போய்விட்டார்களோ என்னவோ. மன்னிக்கவும், கடைக்காரன் புத்தி.

எது கெடுதல் என்று எப்படிப் பிரிப்பது என்றும் கேட்காதீர்கள். அரசாங்கமே பிரித்து வைத்திருக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக் கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-இலேயே விதி வந்துவிட்டது. என் கடை அந்தக் கோட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. கோட்டுக்குள் விலக்கப்பட்ட பண்டம், 51-ஆவது மீட்டரில் 5 சதவீதச் சலுகைப் பண்டம்.

பக்கத்தில் கேரளா 2016-இல் ஒரு கொழுப்பு வரி போட்டது, 14.5 சதவீதம். பெரிய பிராண்டு உணவகங்களில் விற்கிற பீட்சா, பர்கருக்கு மட்டும். அடுத்த வருடம் ஜி.எஸ்.டி. வந்ததும் அது போன இடம் தெரியவில்லை. சாத்தூர்ப் பையனுக்கும் பீட்சாவுக்கும் என்ன சம்பந்தம்? பிரிட்டனைப் பாருங்கள். 2018 ஏப்ரலில் அவர்கள் குளிர்பானத்துக்கு வரி போட்டது அதிலிருக்கும் சர்க்கரையைப் பார்த்து. 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரியே இல்லை. 5-ஐத் தொட்டால் ஒரு வரி, 8-ஐத் தொட்டால் அதைவிடக் கூட. வரி அமலுக்கு வருமுன்பே பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. நான் கேட்பதும் அந்த மாதிரிதான். எங்கள் ஊர்க் காராச்சேவையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் என்பதற்காக அதில் எண்ணெய் குறைந்துவிடாது. சேவு போடுகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

ஏழை தின்கிற ஐந்து ரூபாய்ப் பண்டத்துக்குமா வரி என்று கேட்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் வெறும் வரியோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். வரியை மட்டும் ஏற்றினால் அந்தப் பையன் நாளைக்குக் கிராம் குறைந்த பாக்கெட்டைத் தின்றுவிட்டுப் பசியோடு உட்காருவான். அந்த 30 காசை எடுங்கள், எடுத்து அவன் தட்டில் போடுங்கள். இது டெல்லி எடுத்த முடிவு என்று எந்த மாநிலமும் கை கழுவிவிட முடியாது. கவுன்சில் ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுடையது. வசூலில் பாதியும் மாநிலத்துக்குத்தான் வருகிறது. காலை உணவை ஆறாம் வகுப்புக்கும் அதற்கு மேலும் நீட்டுவதற்கு அதைவிட நல்ல காசு எது?

கோபத்தில் ஏதாவது கூடக் குறைய எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் டீயோடு பிஸ்கட் வைப்பார்கள். அப்போது கூடவே ஒரு ஐந்து ரூபாய் பாக்கெட்டையும் மேஜைமேல் வைத்து, அந்தப் பையன் திருப்புவதுபோல் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, உள்ளே இருப்பதைப் பார்த்து வரியை முடிவு செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். டெல்லியில் அந்த பாக்கெட் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், தபாலில் ஒரு சரம் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளிக்கூடத் தெருப் பெட்டிக்கடைக்காரன்,
சாத்தூர்.