நெட்டைத் தொர்ஸ்தைனுக்குத் தெரிய வேண்டாம்

பேர்கன், நோர்வே
ஞாயிறு இரவு

அன்புள்ள ராசன்,

உன் மேல் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். இங்கே எல்லாரும் சுகம். மூத்தவள் ட்ரொண்ட்ஹைமில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சின்னவன் அதே சின்னவன்தான். இவளுக்கு முழங்கால் வலி, ஆனால் நடை குறையவில்லை. மழை விடவில்லை. ஒன்றரை வருடம் நான் எழுதாமல் இருந்தது பிழை, அதற்குச் சாட்டுச் சொல்லப் போவதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு எடுத்தபின் ஒரு செவ்வாய்க்கிழமை மழைக்கு ஒதுங்கி ப்ரிக்கன் நூதனசாலைக்குள் போனேன். முப்பது வருடமாக பஸ்ஸில் அந்தத் துறைமுகத்தைக் கடந்து வேலைக்குப் போயிருக்கிறேன், ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை. அன்றைக்குப் பிறகு ஒரே மாதத்தில் ஐந்து தரம் போய்விட்டேன். என்ன பார்த்தாய் என்று இவள் கேட்டாள். குச்சி என்றேன். உண்மையும் அதுதான்: கண்ணாடிக்குள்ளே கத்தியால் கீறிய மரக்குச்சிகள். அதைப்பற்றி உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

1955 யூலை 4ஆம் திகதி அந்தத் துறைமுகத்துப் பழைய மரவீடுகளில் ஒரு பகுதி எரிந்துபோனது. எரிந்த இடத்தை அஸ்பியோர்ன் ஹெர்டைக் என்ற தொல்லியலாளர் தலைமையில் தோண்டத் தொடங்கினார்கள், 1968 வரை தோண்டினார்கள். ஈரச் சேற்றுக்குள் காற்றுப் போகாததால் மரம் உக்காமல் கிடந்திருக்கிறது. வட ஐரோப்பாவின் பழைய எழுத்தான ரூனில் கீறிய 600க்கு மேற்பட்ட பொறிப்புகள் வெளியே வந்தன. பேர்கன் அடிக்கடி எரிந்த ஊர். 1198, 1248, 1332, 1413, 1476 என்று எரிந்த ஆண்டுகள் பதிவில் இருக்கின்றன. ஒவ்வொரு தீயும் மண்ணில் ஒரு சாம்பல் படை விட்டுப் போயிருக்கிறது. எந்தச் சாம்பலுக்கு மேலே, எந்தச் சாம்பலுக்குக் கீழே கிடந்தது என்று பார்த்தே குச்சியின் வயதைச் சொல்கிறார்கள். ஊர் எரிந்ததே அதற்கு நாட்காட்டியாகிவிட்டது.

ரூன் என்றால் எனக்கும் உனக்கும் பெரிய கல், செத்துப்போன வீரன், மந்திரம், அவ்வளவுதானே? கல்லும் உண்டு, மந்திரமும் உண்டு. ஆனால் இந்தச் சேற்றிலிருந்து வந்தது சந்தையும் வீடும். சாக்கில் கட்டிவிட்ட துண்டுகள் நிறைய. ஒரு பெயர், கூடவே 'உடையது' என்று ஒரு சொல். ஒரு குச்சியில் "நாணயம் அடிக்கும் தொர்க்கெல் உனக்கு மிளகு அனுப்புகிறான்" என்று இருக்கிறது. மிளகு, ராசன்! மலபார்க் கரையில் காய்த்த மிளகு எத்தனை கை மாறி அந்தக் குளிருக்குள் வந்திருக்கும். இன்னொன்றில் "கன்ஹில்ட், என்னை நேசி, நான் உன்னை நேசிக்கிறேன், என்னை முத்தமிடு, உன்னை எனக்குத் தெரியும்." வேறொருவன் இன்னொருவனின் மனைவிமேல் வைத்த ஆசையில் தீயே குளிராகத் தெரிகிறது என்று கீறி வைத்திருக்கிறான். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன வரி: "கீதா சொல்கிறாள், நீ வீட்டுக்குப் போகட்டாம்." பெயர் கீதா இல்லை, ஆனால் நம் வாய்க்கு அப்படித்தான் வருகிறது. குடித்துக்கொண்டிருந்தவனுக்கு வந்த அழைப்பாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த வரிக்குப் பிறகும் தடுமாறிய எழுத்துகள் கொஞ்சம் இருக்கின்றன, அவற்றுக்குத் தெளிவான பொருள் கிடைக்கவில்லை. மணியம் மாமாவின் கையெழுத்து என்று நான் சந்தேகப்படுகிறேன்.

இனிச் சொல்லப்போவது உனக்கென்றே எடுத்து வைத்தது. முதலில் 24 ஆக இருந்த ரூன் எழுத்து, வைக்கிங் காலத்தில் 16 ஆகக் குறைந்தது. 'கல்' என்பதன் ககரத்துக்கும் 'தங்கம்' என்பதன் ககரத்துக்கும் ஒரே எழுத்து. தகரமும் அப்படி, பகரமும் அப்படி. எது எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பது வாசிக்கிறவன் பொறுப்பு. பிறகு ஒலியைப் பிரித்துக்காட்ட என்ன செய்தார்கள் தெரியுமா? புள்ளி வைத்தார்கள். ககரத்துக்கு உள்ளே ஒரு புள்ளி வைத்தால் அது மெல்லிய ககரம், இகரக் கோட்டில் ஒரு புள்ளி வைத்தால் எகரம். எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி இட்டு எழுதிய காலத்தைப்பற்றி நீ தொல்காப்பியச் சூத்திரத்தோடு வகுப்பில் சொன்னதை நானும் கடைசி வாங்கிலிருந்து கேட்டிருக்கிறேன். அவர்களுக்கும் நமக்கும் இதில் ஒரு தொடர்பும் கிடையாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் புள்ளியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தபோது உன்னைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது.

எழுத்தில் கிடைக்கோடே இல்லை. மரத்தின் நாருக்குக் குறுக்காகக் கத்தி போனால்தான் வெட்டுத் தெரியும், நாரோடு போனால் மறைந்துவிடும். அதனால் எல்லாம் நிற்கிற கோடும் சாய்ந்த கோடும். அரசனும் தேவாலயமும் தோலில் லத்தீன் எழுத்தால் எழுதினார்கள். மன்னர் மக்னுஸின் சட்டம் 1274இல் வந்தது, அதெல்லாம் கன்றுத்தோலில். தோல் வாங்க வசதி வேண்டும். குச்சிக்கு இடுப்பில் ஒரு கத்தி போதும். இரண்டு எழுத்தும் ஒரே ஊரில் நெடுங்காலம் சேர்ந்தே இருந்திருக்கின்றன. ரோமக் கவிஞர் வேர்ஜிலின் "காதல் எல்லாவற்றையும் வெல்லும்" என்ற லத்தீன் வரியையே ஒருவன் ரூனில் வெட்டியிருக்கிறான்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

1330ஐ ஒட்டிய ஒரு குச்சி. அழகன் தோரிர் என்பவன் ஹாஃப்கிரிமுக்கு எழுதியது. தெய்வத்தின் வாழ்த்தும் தன் வாழ்த்தும் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறான்:

"எனக்கு நிறையக் குறைகிறது, கூட்டாளி. பியரும் இல்லை, மீனும் இல்லை. இதை நீ அறிய வேண்டும், என்னிடம் ஒன்றும் கேட்டு நெருக்காதே. அந்தக் கமக்காரனைத் தெற்கே வந்து எங்கள் பாட்டைப் பார்க்கச் சொல். நெட்டைத் தொர்ஸ்தைனுக்குத் தெரிய வேண்டாம். எனக்குக் கையுறை கொஞ்சம் அனுப்பு. சிக்ரித்துக்கு ஏதும் தேவையென்றால் அவளுக்குக் கொடு."

நான் கூட்டாளி என்று போட்ட சொல் அங்கே 'ஃபேலகி'. பொருளைச் சேர்த்து வைத்தவன் என்று அதன் வேர். வியாபாரத்தில் பங்காளிக்கும் அதுதான், சிநேகிதனுக்கும் அதுதான். நம் ஊர்க் 'கூட்டாளி'யை விட்டால் அதற்கு வேறு சொல் இல்லை. கொப்பி எடுத்து அந்த வரியை ரூனிலேயே எழுதிப் பழகினேன். எழுதும்போதுதான் அதன் பாரம் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு மூன்று வெட்டு. அவ்வளவு மினக்கெட்டு ஒருவன் 'எனக்கு இல்லை' என்பதைக் கத்தியால் எழுதியிருக்கிறான்.

நெட்டைத் தொர்ஸ்தைனைப் படித்ததும் எனக்கு நெட்டைக் குலமும் வாளியும் ஞாபகம் வந்து தனியே நின்று சிரித்தேன். அன்றைக்கு இரவுதான் உன் தங்கச்சி போன் எடுத்தாள். வேறு ஏதோ கதைக்கும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டாள். நெஞ்சுவலி வந்து நீ நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாய். ஆவணியில். "சிவாவுக்குச் சொல்ல வேண்டாம்" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தாயாம். அவளைத் திட்டாதே.

ராசன், இவ்வளவு நாளும் நான் என்னை ஹாஃப்கிரிம் என்று நினைத்திருந்தேன். நீ என்னைத் தொர்ஸ்தைன் ஆக்கிவிட்டாய்.

தொண்ணூறுகளில், போர் நடந்தபோது, செஞ்சிலுவைத் தாளில் நீ எழுதியவை என்னிடம் இன்னும் இருக்கின்றன. ஏழு தாள். ஏழிலும் "இங்கு யாவரும் நலம்". சவர்க்காரம் இல்லாததும் ஜாம்போத்தல் விளக்கில் நீ பரீட்சைத் தாள் திருத்தியதும் உன் அப்பாவுக்கு மருந்து கிடைக்காததும் எனக்கு வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரியும். அப்போது திறந்த தாள், யாரும் வாசிக்கலாம், எழுத முடியாது. அது எனக்கு விளங்கும். இப்போது உன் கையில் போன் இருக்கிறது. நான் பயப்படுவேன் என்று நினைத்தாயா? பயந்துதான் போனேன். மூன்று மாதம் கழித்துத் தெரிந்ததால் பயம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. அந்த நாலு நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு நாள் சின்னவனோடு மீன் பிடிக்கப் போயிருக்கிறேன்.

அதனால் இப்படிச் செய். மருந்துச் சீட்டையும் ஈசிஜி தாளையும் படம் எடுத்து அனுப்பு, இங்கே இவளின் தம்பியிடம் காட்டுகிறேன். அடுத்த கிளினிக் எப்போது, யார் கூட்டிப் போகிறார்கள் என்று எழுது. டியூசனை நிறுத்தினாயா இல்லையா என்று உண்மையைச் சொல். அக்காவுக்கு என்ன தேவையென்று கேட்டு எழுது; நேரே கேட்டால் ஒன்றுமில்லை என்பா. நெட்டைக் குலத்துக்கு ஒரு சொல்லும் போகாது.

எனக்கும் இங்கே நிறையக் குறைகிறது, கூட்டாளி. ஒடியல் மாவும் இல்லை, பனங்கட்டியும் இல்லை. வேலை விட்டபிறகு பகலில் கதைக்க ஆள் இல்லை. இதை நீ அறிய வேண்டும். மார்கழியில் பரமேசின் மகன் இங்கே வருகிறான், அவனிடம் ஒடியல் மா ஒரு கிலோ கொடுத்துவிடு.

அன்புடன்
சிவா