இடது பக்கத்து சீட்

அம்பாசமுத்திரம்
மே 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. நீ அனுப்பிய போட்டோ நாற்பத்து மூன்றும் வந்து சேர்ந்தன. சின்னவன் அதையெல்லாம் டிவியில் போட்டுக் காட்டினான். ஆச்சி கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கடலு நம்ம கடலு மாரிதான் இருக்கு, ஆளத்தான் காணோம்" என்றாள். திருச்செந்தூர் மாதிரி கூட்டம் இல்லை என்பதைத்தான் சொல்லியிருப்பாள்.

போனில் பேசிவிடலாம்தான். நீ எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் அம்மா பக்கத்திலேயே நிற்பாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் ரெண்டு நீல டிக் விழுகிறது, அதோடு சரி. அதனால் பேப்பரை எடுத்துவிட்டேன். கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நீ மெல்பர்னிலிருந்து கடலோரமாகவே அடிலெய்டு வரைக்கும் வண்டி ஓட்டிப் போனாய் என்று டீக்கடையில் சொன்னேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்றதும், பழைய டிரைவர் ஒருத்தர், "ரோடு நல்லா இருந்தா யாரும் ஓட்டலாம்" என்றார். அவருக்கு உன் போட்டோவைக் காட்டினேன். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் கடல், நடுவில் ஒரு வண்டி போக ஒரு வண்டி வர மட்டும் இடம். பேசாமல் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

போட்டோவில் இருக்கிற அந்த கிரேட் ஓஷன் ரோட்டைப் பற்றி சின்னவனிடம் சொல்லித் தேடிப் படித்தேன். முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் போட்ட ரோடாம். 1919-இல் ஆரம்பித்து 1932-இல்தான் முடித்திருக்கிறார்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துப் பாறையை உடைத்து இருநூற்று நாற்பது கிலோமீட்டர். செத்துப்போன கூட்டாளிகளுக்கு அந்த ரோடேதான் நினைவுச் சின்னமாம். மரத்தில் ஒரு வளைவு கட்டியிருக்கிறார்களே, நீ அதன் கீழே வண்டியை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறாய், அது 1983 காட்டுத்தீயில் எரிந்து மறுபடி கட்டியது. இதெல்லாம் உனக்குத் தெரியுமோ என்னவோ. ஓட்டுகிற ரோட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மாஞ்சோலை ரோட்டில் நான் ஒன்பது வருஷம் பஸ் ஓட்டினேன், எந்த வளைவில் எந்த மாதம் மண் சரியும் என்று எனக்குத் தெரியும்.

மெதுவாகப் போகிற வண்டிகள் ஒதுங்கி நின்று பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட அங்கங்கே இடம் விட்டிருக்கிறார்களாமே. ரொம்ப நல்ல ஏற்பாடு. அதில் ஒதுங்கி நில். பின்னால் வருகிறவன் அவசரப்பட்டால் உனக்கு என்ன? நமக்கு ஒன்றும் பிந்திப் போகாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும். இதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

டிராம் ஓடுகிற தெருவில் வலது பக்கம் திரும்ப, இடது ஓரத்தில் ஒதுங்கி நின்று சிக்னலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று போன மாதம் சொன்னாயே, நான் நம்பவில்லை. பிறகு வீடியோவில் பார்த்தேன், நிஜம்தான். நாற்பது வருஷ சர்வீஸில் அப்படி ஒரு திருப்பத்தை நான் பார்த்ததில்லை. அதை நீ அனாயாசமாகச் செய்கிறாய். உனக்கு நான் ஓட்டக் கற்றுத் தரவில்லை. சின்னவனுக்குத்தான் கற்றுக்கொடுத்தேன். சரி, அது வேறு கதை.

பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்று அந்தப் பாறைகளுக்குப் பெயர். அம்மா டிவி பக்கத்தில் போய் விரல் வைத்து எண்ணினாள். பன்னிரண்டு எந்தக் காலத்திலும் இருந்ததில்லையாம். இருந்ததிலும் ஒன்று 2005-இல் இடிந்து விழுந்துவிட்டது. கொஞ்ச தூரம் தள்ளி லண்டன் பாலம் என்று ஒரு பாறை, இரண்டு கண் வைத்த பாலம் மாதிரி கரையிலிருந்து கடலுக்குள் நீண்டிருந்ததாம். 1990 ஜனவரியில் இரண்டு பேர் நடந்து அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு கரைப்பக்கத்துக் கண் அப்படியே கடலில் விழுந்துவிட்டது. திரும்பி வர வழி இல்லை. ஹெலிகாப்டர் வந்துதான் தூக்கியிருக்கிறது. சின்னவன் இதைப் படித்துக் காட்டியதும் அம்மா, "ஹெலிகாப்டர் வாற வரைக்கும் அந்த ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டு நின்னுருப்பாக?" என்று கேட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை.

மவுண்ட் கேம்பியர் ஏரியை நீலம் நீலம் என்று சொல்லிவிட்டுப் போனாய், போட்டோவில் சாம்பலாக இருக்கிறது. அது நவம்பர் வாக்கில் நீலமாகி ஏப்ரலுக்குள் மங்கிவிடுமாம். அடுத்த தடவை மாதம் பார்த்துப் போ. மாநில எல்லைக்கு முன்னால் பழத்தையெல்லாம் குப்பைத் தொட்டியில் போட வேண்டியதாயிற்று என்று எழுதியிருந்தாய். பழ ஈ பரவாமல் இருக்கத்தான் என்று நான் எவ்வளவோ சொல்லியும் ஆச்சிக்கு மனசு ஆறவில்லை.

சாயங்காலம் ஓட்டாதே. அங்கே கங்காரு, மாஞ்சோலையில் மிளா. ரெண்டும் பொழுது சாயும் நேரத்தில்தான் ரோட்டுக்கு வரும். வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது. நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக் அடிக்க வேண்டும். ஒடித்தால் மிளா பிழைத்துக்கொள்ளும், நாம் பள்ளத்தில் கிடப்போம்.

இப்போது திட்டு. அடிலெய்டிலிருந்து ஒரே நாளில் மெல்பர்ன் திரும்பியிருக்கிறாய். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரே ஆளாக. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினாலே முதுகு போய்விடும். பாதி வழியில் ஒரு ராத்திரி தங்கியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நம் ஊர் மணி நாலுக்கு "வந்தாச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை. அப்புறம் ராத்திரி பத்து நாற்பதுக்குப் போட்டோக்கள். அடிலெய்டுக்கும் நமக்கும் சரியாக நாலு மணி நேரம், மெல்பர்னுக்கு நாலரை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். உனக்கு அப்போது விடியற்காலை மூன்று பத்து. அவ்வளவு தூரம் ஓட்டிவிட்டு வந்தவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கியிருக்க வேண்டும். அன்றைக்குப் பேசாதவள்தான், இன்றோடு பன்னிரண்டு நாள்.

பதினேழாவது போட்டோ. அதை நான் சின்னவன் போனில் தனியாக வாங்கிப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் இருந்தபடி இடது ஜன்னல் வழியாகக் கடலை எடுத்திருக்கிறாய். வண்டி நிற்கிறது, மீட்டர் அணைந்திருக்கிறது, நல்லது. மெல்பர்னிலிருந்து மேற்கே போகும்போது கடல் இடது கைப்பக்கம். ஓட்டுகிறவருக்கு ரோடுதான், கடல் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு. அந்த சீட்டில் உன் தோள்பை இருக்கிறது. பைக்குக் குறுக்கே பெல்ட் மாட்டியிருக்கிறது. பக்கத்தில் பிரித்த பிஸ்கட் பாக்கெட்.

சீட்டில் பாரம் இருந்து பெல்ட் போடாவிட்டால் புது வண்டிகளில் டிங் டிங் என்று சத்தம் வரும், அதற்காக மாட்டியிருப்பாய். எனக்குப் புரிகிறது. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. "மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கலியோ?" என்று அவளாகவே கேட்டாள். "ஈஸ்டர் நேரம், கம்பெனியில் ஆள் குறைவாம்" என்று நானாக ஒன்றைச் சொல்லிவைத்தேன். நீயும் பேசும்போது அதையே சொல்லிக்கொள்.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்த வேண்டும். மனசில் பாரத்தை வைத்துக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. தூக்கம் வந்தால் கண்ணாவது எரியும். இது வந்தால் எந்த அடையாளமும் தெரியாது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், நீ ரெண்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா கடையத்துக்குப் போய் நாலு மாதம் இருந்தாளே, ஞாபகம் இருக்கும். ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் என்று உன்னிடம் சொன்னோம். ஆச்சிக்குக் கண்ணில் ஒன்றுமே இல்லை. இன்றைக்கும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறாள். நான்தான் அம்மாவின் வளையல் நாலையும் அவளிடம் கேட்காமல் அடகு வைத்து சித்தப்பாவின் கடைக்குக் கொடுத்தேன். கடை போன கதை உனக்குத் தெரியும். வளையல் எங்கே என்று அவள் கேட்ட அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுத மாட்டேன். மறுநாள் கைக்குழந்தையாக இருந்த சின்னவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உன்னைப் பள்ளிக்கூடத்துக்காக விட்டுவிட்டுப் போனாள். நீ தினமும் ராத்திரி அத்தையிடம், "ஆச்சிக்குக் கட்டு அவுத்தாச்சா?" என்று கேட்பாய். நான் திண்ணையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்போது எனக்கு மெட்ராஸ் நைட் சர்வீஸ். ஒரு நாள் கோவில்பட்டி தாண்டி சாத்தூர்ப் பக்கம் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. கண் திறந்துதான் இருந்தது. ரோடு மட்டும் தெரியவில்லை. கண்டக்டர் "அண்ணே!" என்று கத்தினான். இடது சக்கரம் ரெண்டும் மண்ணில். புளியமரம் ஒன்று உரசிக்கொண்டு போய் இடது கண்ணாடியைப் பிய்த்துவிட்டது. உள்ளே ஐம்பத்திரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் எழவில்லை. கிளை தட்டிவிட்டது என்று டெப்போவில் எழுதிக்கொடுத்தோம். கண்டக்டர் இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் இப்போதுதான் சொல்கிறேன்.

அதற்கு அப்புறமும் நான் கடையம் போகவில்லை. இங்கேயிருந்து அரை மணி நேரம். போனால் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டுமே. இன்னும் ஒரு மாதம் கழித்து அவளாகவே பஸ் ஏறி வந்தாள். என்னை மன்னித்து வந்தாளா, உனக்காக வந்தாளா என்று நான் கேட்டதில்லை. இருபத்து நாலு வருஷமாகிறது. வளையலில் ரெண்டைத்தான் மீட்டேன்.

ஆகவே பொறுத்துப் போ என்று சொல்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. விட்டுவிட்டு வா என்றும் சொல்ல மாட்டேன், எனக்கு என்ன தெரியும்? ராத்திரி எட்டு மணிக்கு அம்மா சீரியலில் உட்காருவாள். நான் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். உங்களுக்கு அப்போது பன்னிரண்டரை. எப்படியும் முழித்துத்தானே இருக்கிறாய்.

சின்னவனுக்கு வேலை நிரந்தரமாகிவிடும் போலிருக்கிறது. விவரம் அடுத்த கடிதத்தில்.

அப்பா

பி.கு.: நாற்பதாவது போட்டோவில் வண்டி சாய்ந்த மாதிரி தெரிகிறது. முன்பக்கம் இடது டயரில் காற்று குறைவு. ஆணி ஏதாவது ஏறியிருக்கும், நாளைக்கே கொண்டுபோய்க் காட்டு.