எடை மெஷினை உள்ளே மாற்றினேன்

காரைக்குடி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்பாசமுத்திரத்தில் மழை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். இங்கே மூட்டம் போடுவதோடு சரி. அவருக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. தெருக்கோடியில் வரும் பஸ்ஸின் போர்டைப் படித்துப் படித்துச் சொல்கிறார், குழந்தை மாதிரி.

உன் மகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராகச் சேர்ந்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. "அவளுக்கு ஏதாவது சொல்லேன்" என்று கேட்டிருந்தாய். நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். அவளிடம் படித்துக் காட்டு.

மூன்று வருஷத்துக்கு முன் என் கிளினிக்குக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பத்து நான்கு வயது, இட்லிக் கடை வைத்திருக்கிறாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். அப்போது என் எடை மெஷின் வாசலில், நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஏறி நின்றவரின் எடையை நர்ஸ் உரக்கச் சொல்வாள், வேறொருத்தி சீட்டில் எழுதுவாள். "எண்பத்தாறு!" பெஞ்சில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. உள்ளே வந்தவளிடம் நானும் அந்த எண்பத்தாறிலேயே ஆரம்பித்தேன். எடையைக் குறை, மூச்சு தானாகச் சரியாகும் என்றேன். சோற்றைக் குறைக்கச் சொல்லி, நடக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள்.

அப்புறம் அவள் வரவேயில்லை. இரண்டு வருஷம் கழித்து, கடையில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழிமையை இழுத்துப் பார்த்தேன், காகிதமாக வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 6, கடுமையான ரத்தசோகை. மூச்சு வாங்கியது அதனால்தான். கர்ப்பப்பையில் நார்க்கட்டி, மாதாமாதம் பத்து நாள் ரத்தப்போக்கு, அதுவும் பல வருஷமாக. ஏனம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். "அன்னைக்கே சொல்லத்தான் வந்தேன் டாக்டரம்மா. நீங்க வெயிட்டைப் பத்தியே பேசினீங்க, எனக்கு வாய் வரலை" என்றாள்.

வசந்தி, கண் இமையைப் பார்க்க எத்தனை நொடி ஆகும்? ஒல்லியான ஒருத்தி இதே மூச்சு வாங்கலோடு வந்திருந்தால் நான் முதலில் செய்திருப்பது அதைத்தான். உடம்பு பெருத்தவள் என்பதால் காரணம் தெரிந்துவிட்டதாக நினைத்து, தேடுவதை நிறுத்திவிட்டேன். அவளும் பேசுவதை நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியை எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்: இதே தொந்தரவோடு ஒல்லியானவர் வந்தால் என்ன செய்வேன்? முழங்கால் வலி என்றால் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி சொல்லித் தருவேன், எப்படி உட்கார்ந்து எழுகிறார் என்று பார்ப்பேன், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எழுதுவேன். அதைத்தானே இவருக்கும் செய்ய வேண்டும்?

இதில் ஒல்லியானவர்களும் தப்பவில்லை. போன மாதம் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார், ஐம்பத்தெட்டு கிலோ. வெறும் வயிற்றில் சர்க்கரை 240. "நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி சுகர் வரும்?" என்று வாதாடுகிறார். குண்டானவர்களுக்குத்தான் வரும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நாம்தானே. புனேயின் டாக்டர் யாக்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்களையே வைத்துப் போட்ட படம் உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, ஒன்றேதான், 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9 சதவீதம், யாக்னிக்குக்கு 21. பிஎம்ஐ கணக்கைப் போட்ட குவெட்லெட் ஒரு பெல்ஜியக் கணித அறிஞர். 1830-களில் கூட்டம் கூட்டமாக மனிதர்களை அளந்து சராசரி பார்க்கப் போட்ட கணக்கு அது. அதை வைத்து எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் இதயத்தையும் சர்க்கரையையும் எப்படி அறிவது?

என் மனதை அதிகம் மாற்றியது நம் சென்னையில் நடந்த ஆய்வு. டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்டது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். மூன்று ஆண்டில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடை, சாப்பாட்டு மாற்றம் என்று விடாமல் வழிகாட்டப்பட்டவர்களில் 39 சதவீதம். இதில் முக்கியமானது, அவர்களின் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. எடை இறங்கவில்லை என்று மனமொடிந்து நடப்பதையே விட்டுவிடுகிறவர்களை வாரம் நான்கு பேராவது பார்க்கிறேன். அவர்களிடம் இப்போது இந்த ஆய்வைத்தான் சொல்கிறேன். "மெஷின் அசையாவிட்டாலும் உங்க நடை உள்ளே வேலை செய்யுது" என்றால் அந்த முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே!

எடையை அடியோடு மறந்துவிடு என்று உன் மகளிடம் சொல்லவில்லை. இதயம் பலவீனமானவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது நீர், உடனே தெரிந்தாக வேண்டும். கர்ப்பிணிக்கும், மருந்தின் அளவைக் கணக்கிடவும் எடை வேண்டும். குறட்டையும் பகல் தூக்கமுமாக வருகிறவரிடம் அதைப் பேசத்தான் வேண்டியிருக்கும். "உங்க எடையைப் பத்திப் பேசலாமா, இன்னிக்கு வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுப் பேசுகிறேன். பெரும்பாலானவர்கள் பேசலாம் என்கிறார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். அன்றைக்கு பிபி பற்றியோ தூக்கம் பற்றியோ பேச எவ்வளவோ இருக்கிறது. அப்புறம், நாம் எழுதும் இன்சுலினும் ஸ்டீராய்டும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையும் எடையைக் கூட்டும். அதை முன்கூட்டியே சொல்லாமல், கூடிய பிறகு நோயாளியைத் திட்டுவது அநியாயம்.

மெஷினை இப்போது உள்ளே திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எண்ணை யாரும் உரக்கச் சொல்வதில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் கைப்பிடி இல்லாத நாற்காலி இரண்டு போட்டேன். பிபி பார்க்கக் கையில் சுற்றும் பட்டை, அந்த கஃப், பெரியதாக ஒன்று வாங்கினேன். பருத்த கையில் சின்ன கஃப் கட்டினால் பிபி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், இல்லாத நோய்க்கு மாத்திரை போய்விடும். உன் மகள் இருக்கும் இடத்தில் பெரிய கஃப் இருக்கிறதா என்று முதல் வேலையாகப் பார்க்கச் சொல்.

"சோற்றைக் குறை" என்பதற்குப் பதிலாக, "நேத்து காலையிலிருந்து என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறேன். இட்லிக் கடைக்காரியிடம் முதல் தடவையே இதைக் கேட்டிருக்க வேண்டும். காலை நான்கு மணிக்கு எழுந்து, ஊருக்கெல்லாம் போட்டுவிட்டு, அவள் வாயில் முதல் கவளம் வைக்கும்போது மூன்றரை ஆகிவிடுகிறது. அவளிடம் போய்ச் சோற்றைக் குறைக்கச் சொன்னேன், பார்.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்தது, ஹீமோகுளோபின் 11.4. எடை என்ன என்று நான் பார்க்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மாடிப்படி ஏறுவதைப் பற்றித்தான் பேசினோம். வியாழக்கிழமை தன் மகளைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பத்தொன்பது வயது, மாதவிடாய் சரியாக வருவதில்லையாம். டாக்டர் என்றாலே வர மாட்டேன் என்கிறாளாம். "நீங்க திட்ட மாட்டீங்கன்னு சொல்லித்தான் சம்மதிக்க வச்சேன்" என்றாள்.

உன் மகள் லீவில் வரும்போது இரண்டு நாள் இங்கே அனுப்பி வை. என்னோடு உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கட்டும். நீயும் கூட வந்தால் இன்னும் நல்லது.

என்றும் அன்புடன்,
மல்லிகா