ஹாரி டீன் பொறந்த ஊருக்குப் போயிட்டு வந்தேன் சித்தப்பா

லெக்சிங்டன், கென்டக்கி
ஞாயித்துக்கிழமை ராத்திரி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா? கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு சொட்டு மருந்து ஒழுங்கா விடுறாரான்னு சித்திகிட்ட கேட்டேன், விடுறாருன்னு சொன்னாங்க, அப்பதான் நிம்மதி ஆச்சு. போன்ல பேசுனா சாப்பிட்டியா, குளிர் எப்படி இருக்குன்னு அதுலயே நேரம் போயிருது. இது ஹாரி டீன் ஸ்டான்டன்னு ஒரு ஹாலிவுட் நடிகரப் பத்தி உங்களுக்குன்னே சொல்ல வேண்டிய விஷயம், அவசரத்துல சொல்ல மனசு வரல, அதான் உக்காந்து எழுதுறேன்.

இங்க குளிர் இப்பதான் கொறையுது. காலைல அஞ்சரைக்கு ஷிஃப்டுக்குக் கெளம்பும்போது கும்மிருட்டு, கார் கண்ணாடில படிஞ்ச ஐஸ சொரண்டிட்டுத்தான் வண்டிய எடுக்கணும். வழியெல்லாம் குதிரைப் பண்ணை. இந்த ஊரு குதிரைக்குப் பேர்போன ஊரு. கொஞ்சம் உள்ள தள்ளிப் போனா புகையிலைக் காடு, செடிய அப்படியே அறுத்து குச்சில கோத்து, பெரிய பெரிய மரக்கொட்டகைல தலைகீழா தொங்கவிட்டு காத்துலயே காயவைக்கிறாங்க. கொட்டகைக்கு கருப்பு பெயிண்ட் அடிச்சிருக்காங்க. மொத தடவ பாத்தப்ப வேடசந்தூர் ஞாபகம்தான் வந்துச்சு.

நான் வேலை பாக்குற லைன்ல ஒரு பெரியவர் இருக்காரு, வயசு அறுபதுக்கு மேல. மூணு வருஷத்துல என்கிட்ட உக்காந்து பேசுன ஆளு அவர் ஒருத்தர்தான்னு சொல்லலாம். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல எங்க சித்தப்பா டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டரா இருந்தவர்னு சொன்னேன். உடனே, ஹாரி டீன் ஸ்டான்டன தெரியுமா, அவரு எங்க எஸ்டில் கவுன்டிக்காரர்னு (கவுன்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) சொல்லி போன்ல போட்டோ காட்டுனாரு. பேரு பிடிபடல, மூஞ்சிய பாத்ததும் தெரிஞ்சிருச்சு. கன்னம் ஒட்டி, கண்ணு உள்ள போயி, பத்து நாளா தூங்காத ஆளு மாதிரி ஒரு முகம். ஏலியன் படத்துல பூனையத் தேடிக்கிட்டுப் போயி செத்துப்போவாரே, அவரேதான். அந்தப் படத்தை எத்தன வாட்டி பாத்திருக்கேன், பேரு தெரிஞ்சுக்கலையேன்னு மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஏன்னா படத்துல பேர் போடும்போது ஹீரோ பேருக்கு எல்லாரும் விசில் அடிப்பாங்க, நீங்க மட்டும் அதுக்கப்புறம் ஏழெட்டுப் பேரு மொத்தமா சேந்து வருமே, அதை என்னைய சத்தமா படிக்கச் சொல்வீங்க. அவங்க இல்லாம படம் நிக்காதுடான்னு சொல்வீங்க.

அன்னிலேர்ந்து லைப்ரரில இருந்து அவரு நடிச்ச டிவிடியா எடுத்துப் பாத்துட்டு இருக்கேன். இங்க லைப்ரரில படம் எடுத்துட்டுப் போக காசே கிடையாது சித்தப்பா.

அவரு பொறந்தது 1926, வெஸ்ட் இர்வைன்ங்கற சின்ன ஊர்ல. அப்பா புகையிலை வெவசாயம், முடிவெட்டுற வேலையும் பாத்திருக்காரு. ரெண்டாம் உலகப்போர்ல நேவில சேந்து, டாங்கி எறக்குற கப்பல்ல சமையல்காரரா இருந்து ஒகினாவா சண்டை வரைக்கும் போயிட்டு வந்தாரு. திரும்பி வந்து நான் இருக்குற இதே லெக்சிங்டன்ல, கென்டக்கி யூனிவர்சிட்டில படிச்சாரு, அங்கதான் நாடகத்துல நடிச்சு அந்த ருசி ஒட்டிக்கிச்சு. படிப்பை விட்டுட்டு கலிஃபோர்னியா போயி பாசடீனா ப்ளேஹவுஸ்ல நடிப்பு கத்துக்கிட்டாரு.

அதுக்கப்புறம் முப்பது வருஷம் சித்தப்பா, முப்பது வருஷம் சின்னச் சின்ன வேஷம்தான். டிவில வர்ற கௌபாய் சீரியல்ல அடியாளு, திருடன், சுட்டதும் குதிரைல இருந்து விழுறவன். பேரக்கூட முழுசா போட முடியல, ஹாரி ஸ்டான்டன்னு ஏற்கனவே வேற ஒரு நடிகர் இருந்ததால கொஞ்ச காலம் டீன் ஸ்டான்டன்னு மட்டும் போட்டிருக்காங்க. கூட ஒரே வீட்டுல தங்கியிருந்த ஜாக் நிக்கல்சன் பெரிய ஸ்டாராவே ஆயிட்டாரு. அந்த நிக்கல்சன்தான், தான் எழுதுன ஒரு படத்துல இவருக்கு வேஷம் குடுத்து, நீ ஒண்ணும் பண்ணாத, போட்ட துணிமணி நடிக்கட்டும், நீ நீயா இருன்னு சொன்னாராம். அதை ஸ்டான்டன் கடைசி வரைக்கும் விடவே இல்ல. 1967ல வந்த கூல் ஹேண்ட் லூக் படத்துல கைதியா வந்து கிதார் வச்சுக்கிட்டு ஒரு சாமி பாட்டு பாடுவாரு பாருங்க, குரல்ல அப்படி ஒரு ஈரம். ரோஜர் ஈபர்ட்னு இங்க பெரிய விமர்சகர் ஒருத்தர், ஸ்டான்டனோ எம்மெட் வால்ஷ்ங்கற இன்னொரு நடிகரோ துணை வேஷத்துல இருந்தா அந்தப் படம் முழுசா மோசமா இருக்கவே முடியாதுன்னு ஒரு விதியாவே எழுதிவச்சிருக்காரு.

அப்புறம் சான்டா ஃபேங்கற ஊர்ல ஒரு பார்ல சாம் ஷெப்பர்டுங்கற எழுத்தாளர்கிட்ட, ஒரே மாதிரி வேஷம் பண்ணி சலிச்சுப்போச்சு, கொஞ்சம் அழகா மென்மையா ஏதாச்சும் பண்ணணும்னு மனசு விட்டுப் பேசியிருக்காரு. ஷெப்பர்டு எழுதி விம் வெண்டர்ஸ் எடுத்த பாரிஸ், டெக்சாஸ் படத்துக்கு இவர்தான் ஹீரோ. அப்ப வயசு 57. சிவப்புத் தொப்பி, பழைய கோட்டு, கையில தண்ணி கேன், பாலைவனத்துல நடந்துக்கிட்டே இருப்பாரு, கிட்டத்தட்ட அரை மணி நேரம் வாயே தொறக்க மாட்டாரு. நாலு வருஷமா காணாமப் போனவரு. பொண்டாட்டியையும் புள்ளையையும் தொலைச்சவரு. கடைசில அந்தப் பொண்டாட்டியத் தேடிக் கண்டுபிடிக்கிறாரு, நடுவுல கண்ணாடி, இவருக்கு அவ தெரியுறா, அவளுக்கு இவரு தெரியல, போன்லதான் பேசணும். மொகத்தக்கூட திருப்பி வச்சுக்கிட்டு யாரோ ரெண்டு பேரோட கதை மாதிரி தங்களோட கதையச் சொல்றாரு, கொஞ்சம் கொஞ்சமா அவளுக்கு ஆளு யாருன்னு பிடிபடுது. நான் அன்னிக்கு நைட் சாப்பிடவே இல்ல. 1984ல பிரான்ஸ்ல நடந்த கான் திரைப்பட விழால அந்தப் படத்துக்குத்தான் தங்கப்பனைங்கற மொத பரிசு.

இவ்வளவு ஆனதுக்கப்புறமும் சின்ன வேஷம்னா வேணாம்னு அவரு சொல்லல, அதுதான் எனக்குப் பெருசா படுது. தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரின்னு 1999 படம், ஒரு கிழவர் புல்லுவெட்டுற மிஷின்லயே ஏறி, பேசாம இருந்த அண்ணன் தம்பி சண்டையத் தீர்க்க ஐயோவால இருந்து விஸ்கான்சின் போறாரு, நெஜமா நடந்த கதை. படம் முழுக்க எந்த சகோதரரத் தேடிப் போறாரோ அவரு இவர்தான், கடைசி சில நிமிஷம்தான் வர்றாரு. இந்த வண்டிலயா இவ்வளவு தூரம் என்னையப் பாக்க வந்தேன்னு கேட்டுட்டு கண்ணு கலங்கி மேல பாக்குறாரு, அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை அந்தப் பெரியவர் என்னையக் கூட்டிட்டு இர்வைன் போனாரு. இங்கேருந்து ஒரு மணி நேரம், சமவெளி முடிஞ்சு மலை ஆரம்பிக்கிற எடம். கென்டக்கி ஆறு ஓடுது, பாலத்துக்கு அந்தப்பக்கம் வெஸ்ட் இர்வைன். அவங்க வீட்டுல பீன்ஸ் வேகவச்சதும் சோள ரொட்டியும் போட்டாங்க, ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வீட்டுச் சாப்பாடு. எங்க ஊர்க்காரர்னு அவங்க சொல்றப்ப அந்தக் குரல்ல இருக்குற பெருமைய நீங்க கேட்டிருக்கணும்.

2017 செப்டம்பர்ல 91 வயசுல லாஸ் ஏஞ்சலஸ்ல எறந்துட்டாரு. அவரு ஹீரோவா நடிச்ச லக்கி படம் ரெண்டு வாரம் கழிச்சு ரிலீஸ் ஆச்சு, அதுலயும் பழைய நேவி சமையல்காரர்தான். லெக்சிங்டன்ல 2011லேர்ந்து அவரு பேர்ல ஒரு திரைப்பட விழாவே நடத்துறாங்க. இங்க 1922ல தொறந்த கென்டக்கி தியேட்டர்னு ஒண்ணு இன்னும் நிக்குது, நீங்க வந்தா மொதல்ல அங்கதான் கூட்டிட்டுப் போவேன்.

டாக்டர் டிவி பாக்கலாம்னு சொன்னதும் தம்பிய விட்டு பாரிஸ், டெக்சாஸ் போடச் சொல்லுங்க. அந்தக் கண்ணாடி சீன்ல அவ பக்கத்து லைட்ட அணைக்கச் சொல்லிட்டு இவரு தன் மொகத்துல வெளக்க அடிச்சுக் காட்டுவாரு, அப்பதான் அவ அவரப் பாக்குறா. அதுக்கு முன்னாடியே வீட்டு லைட்ட எல்லாம் அணைச்சிரச் சொல்லுங்க.

சித்திக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்க மூத்தவன்