மீதித் துணி என்று நான் சொன்னது

அன்புள்ள அண்ணா,

இன்று செப்டம்பர் 15. இந்த நாளை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2008-இல் பிங்க் ஃபிளாய்டு ராக் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் மறைந்த செய்தி வந்த இரவு, கொழிஞ்சாம்பாறை வீட்டில் விளக்கைப் போடாமல் நீங்கள் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்ததை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் எழுத வந்தது ஆறு ஆண்டுகள் கழித்து, நவம்பரில், டயர் கடை மாடியில் நாம் அந்தக் குழுவின் 'தி எண்ட்லெஸ் ரிவர்' ஆல்பத்தைக் கேட்ட மாலையைப் பற்றி.

வாளையார்ப் பக்கமிருந்து காற்று வீசத் தொடங்கியிருந்தது. சன்னல் அடித்துக்கொண்டதால் நீங்களே எழுந்து கொக்கியை மாட்டிவிட்டு, குறுந்தகட்டை முதலிலிருந்து வைக்கச் சொன்னீர்கள். 1994-க்குப் பிறகு பிங்க் ஃபிளாய்டு வெளியிட்ட முதல் ஸ்டுடியோ ஆல்பம் அது; எவ்வளவு காத்திருந்தோம்! மூன்றாம் பகுதியில், 1969-இல் ராயல் ஆல்பர்ட் மண்டபத்து ஆர்கனில் ரைட் வாசித்தது வந்தபோது, உங்கள் விரல்கள் முழங்கால்மேல் தாமாக அசைந்தன. இரண்டு நிமிடம்கூட நீளாத அந்த வாசிப்பு முடியும்வரையாவது நான் பொறுத்திருக்கலாம். "மீதித் துணியை ஒட்டுப் போட்டுத் தெச்ச சட்டைங்ணா இது" என்றேன். விரல்கள் நின்றன. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனீர்கள்.

ஆல்பத்தைப் பற்றிய என் கருத்து இன்றும் மாறவில்லை. 1993-இல் ரைட், கிட்டார் கலைஞர் கில்மர், டிரம்ஸ் கலைஞர் மேசன் மூவரும் வாசித்துப் பார்த்தவற்றுள் சிறந்தவை அடுத்த ஆண்டு ஆல்பத்துக்கே போய்விட்டன. எஞ்சியவற்றின்மேல் கில்மரும் மேசனும் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். 18 துண்டுகளில் பாட்டு என்று இருப்பது கடைசி ஒன்றுதான். ஒரு மெட்டு முளைவிடுவதற்குள் அடுத்தது வந்து அதை மூடிவிடுகிறது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் ரைட் விட்டுவைக்கும் மௌனம்தான் அவருடைய கலை என்று எனக்குக் கற்பித்தவர் நீங்கள். அந்த மௌனத்தையெல்லாம் இந்த ஆல்பத்தில் கிட்டார் நிரப்பிவிட்டதே என்ற ஆற்றாமையில்தான் அப்படிச் சொன்னேன்.

ஆனால் அந்தச் சொல் யார் மேல் விழுந்தது என்பது படியில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. 1979-இல் ரைட்டை விலக்கிவிட்டு, அடுத்து வந்த கச்சேரிகளில் அவரையே சம்பளத்துக்கு வாசிக்க வைத்தார்கள். நம் மெல்லிசைக் குழுவில் நடந்ததை இங்கே விரித்து எழுத மாட்டேன். உடனிருந்தவர்கள் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கும் குடும்பம் உண்டு. அந்த முடிவில் என் பங்கும் இருந்தது என்பதையும், சித்தூர்க் கொங்கன்படைத் திருவிழாவுக்கு ஒருநாள் சம்பளம் பேசி உங்களை அழைத்தவன் நான்தான் என்பதையும் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கரோக்கே வந்துவிட்டது, கேட்கிறவர்கள் பாதிக் கூலிதான் தருகிறார்கள், ஒலிபெருக்கிக் கடன் என் பெயரில் இருந்தது. இவையெல்லாம் உண்மை. இவற்றை அன்றே உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நீங்களும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், அண்ணா. வேலந்தாவளம் சந்தையில் என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தேன். தக்காளிக் கூடைகளுக்கு அப்பால் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அந்தப் பெரியப்பா ஏன் பேசலை?" என்று அவள் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

நம் ஒத்திகைகளைப் பதிவுசெய்த மூன்று கேசட்டுகள் என்னிடம் இருக்கின்றன. சென்ற மாதம் அவற்றைக் கணினியில் ஏற்றி, உங்கள் வாசிப்பின்மேல் என் கிட்டாரைச் சேர்க்கத் தொடங்கினேன். ஒரு பாட்டு முடித்துக் கேட்டபோது, உங்கள் இடைவெளிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சேர்த்ததை அழித்துவிட்டேன். கேசட்டுகள் நீங்கள் வாசித்தபடியே இருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவற்றை அம்மாவிடம் கொடுக்க வருகிறேன். நீங்கள் வீட்டில் இருந்தால் உங்கள் கையிலேயே தருவேன்.

தம்பி