மேலாள்களுக்கும் அடுத்தாள்களுக்கும் நன்றி

அன்புள்ள கிளான் உறவுகளுக்கும், நம்மைப் பொறுத்துக்கொண்ட வீட்டாருக்கும் வணக்கம்.

போனில் ஆடும் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் விளையாட்டில், கிளான் எனப்படும் ஒரு குழு இன்னொரு குழுவோடு மோதும் வார் முடிந்ததும், யார் எத்தனை ஸ்டார் (எதிரியின் ஊரை அழித்ததற்கு மூன்றுவரை கிடைக்கும் புள்ளி) எடுத்தார்கள், யார் அட்டாக் போடாமல் விட்டார்கள் என்று எல்லாம் திரையில் வந்துவிடும். யார் எவ்வளவு படை டொனேட் செய்தார்கள் என்பதும் பெயருக்கு நேரே நிற்கும். அந்த ஸ்டாரை எடுக்கச் சொல்லிக்கொடுத்தவர் பெயர் மட்டும் எங்கேயும் வராது. அதை நாமாவது எழுதி வைக்க வேண்டும் என்றுதான் இந்த மடல்.

ஒரு கிளானில் 50 பேருக்குத்தான் இடம். நம் கிளான் நிறைந்திருந்தது, ஆனால் பாதிப் பேர் ரஷ் செய்த பேஸ்காரர்கள், அதாவது தங்கள் ஊரை (பேஸை) அவசரமாக ஏற்றியவர்கள். காவல் கட்டடங்கள், சுவர், கிங், க்வீன் என்ற நாயகர்கள் எதையும் வளர்க்காமல், ஊரின் மையக் கட்டடமான டவுன் ஹாலை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். பெரும்பாலும் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள், சிலர் பள்ளி மாணவர்கள். வாரில் அவர்களுக்கு ஒரு ஸ்டாருக்கு மேல் வராது. அவர்களை வெளியேற்றிவிட்டு வெளியிலிருந்து பலமான ஆட்களைக் கொண்டுவரலாம் என்று ஒரு பேச்சு ஓடியது. கிளான் சாட்டில் அதைத் தடுத்தவர் தேவகோட்டை அண்ணன். "ஒருத்தருக்கு ஒருத்தர்னு பொறுப்புக் குடுத்துப் பார்ப்போம் தம்பி. நம்ம பக்கம் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடைக்குப் போனவங்க பெட்டியடிப் பையனாப் போயித்தானே அடுத்தாளானாங்க, மேலாளானாங்க" என்றார். அன்றைக்கே, கடைப் பொறுப்பாளரையும் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவரையும் குறித்த அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. கற்றுக்கொடுப்பவர் மேலாள், கற்றுக்கொள்பவர் அடுத்தாள். அண்ணனே, உங்களுக்கு முதல் நன்றி.

யாருக்கு யார் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தவர் நம் துணைத்தலைவர் பள்ளத்தூர் ஆச்சி. எல்லாரும் டாப் ஆட்டக்காரர்களிடம்தான் பிள்ளைகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஆச்சி ஒப்புக்கொள்ளவில்லை. டவுன் ஹால் 10ஆம் நிலையில் தடுமாறுகிறவனுக்கு 11ஓ 12ஓ இருப்பவர்தான் சரி என்றார். உச்சியில் இருப்பவருக்குக் கீழே பட்ட கஷ்டம் மறந்திருக்கும், அவரிடம் இருக்கிற படையும் பிள்ளையிடம் இருக்காது. அவர் சொன்னதுதான் சரியென்று இத்தனை ஜோடிகளைப் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்வேன். நேரத்தையும் அவரே கணக்குப் போட்டார். சிங்கப்பூரில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், துபாயில் ஒன்றரை மணி நேரம் பின்னால். கோட்டையூர்ப் பையனுக்கு வீட்டில் போன் கிடைப்பது ராத்திரி எட்டரைக்கு, அப்போது சிங்கப்பூரில் பதினொன்று. "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சிங்கப்பூர்ச் சித்தப்பாவை அவனுக்கு மேலாளாக்கினார். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் தேதியைக்கூட ஆச்சி நோட்டில் குறித்துவைத்து, அதற்கு முன்னால் அட்டாக்கைப் போட்டுவிடச் சொல்லி நினைவுபடுத்துவார்.

சிங்கப்பூர்ச் சித்தப்பாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கோட்டையூர்ப் பையன் விசார்ட், பெக்கா என்ற படைகளை ஒரே இடத்தில் கொட்டுவான். அவை நடுவே போகாமல் பேஸின் ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்து சாகும். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. இந்தப் படைகளுக்கென்று தனி இலக்குக் கிடையாது, பக்கத்தில் எந்தக் கட்டடம் இருக்கிறதோ அதை நோக்கிப் போகும். அதனால் நுழையும் இடத்தின் இரண்டு பக்கத்திலும் இருக்கும் வெளிக் கட்டடங்களை முதலில் துடைத்துவிட்டால், அருகில் மிஞ்சுவது நடுப்பகுதிதான், படை உள்ளே போயே தீரும். இதற்கு ஃபனல் என்று பெயர் எல்லாருக்கும் தெரியும். செய்யத்தான் வராது. சித்தப்பா அவனைக் கொண்டு பல இரவுகள் அந்த முதல் முப்பது விநாடியை மட்டுமே செய்யவைத்தார். மொத்த அட்டாக்கே மூன்று நிமிடம். மீதி இரண்டரை நிமிடத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. பையன் சலித்துக்கொண்டபோதும் விடவில்லை.

ஃப்ரெண்ட்லி சேலஞ்ச் என்ற பயிற்சி மோதல் இருந்ததால் இது முடிந்தது. தன் பேஸை அவர் சாட்டில் வைப்பார், பையன் அடிப்பான். யாருக்கும் படை நஷ்டமில்லை, கோப்பை குறையாது, அடிக்கும்போதே மற்றவர் பார்க்கலாம். எதிரணிப் பேஸ் ஒன்று கஷ்டமாக இருந்தால், அதைப் பார்த்துத் தன் லேஅவுட்டில் சுவர் சுவராக அப்படியே கட்டி அவனிடம் கொடுத்திருக்கிறார். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து அதைக் கட்டினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. ரீப்ளே பார்க்கும்போது வேகத்தைக் கூட்டவும் விடமாட்டார். நாலு மடங்கு வேகத்தில் பார்த்தால் படை செத்தது தெரியும், எதனால் செத்தது என்பது தெரியாது என்பது அவர் கட்சி.

ஹாக் ரைடர் என்ற, பன்றிமேல் ஏறிவரும் படையின் பாடத்தை நடத்தியவர் புதுவயல் தம்பி. மேலாள்களில் வயதில் சிறியவர். ஹாக் சுவரைத் தாண்டிக் குதித்து நேரே காவல் கட்டடங்களுக்குப் போகும், இடையில் ஜயன்ட் பாம் என்ற மறைகுண்டு இருந்தால் கூட்டமாகச் செத்துவிடும். படையை ஆற்றும் ஹீல் ஸ்பெல்லை அடிபட்ட பிறகு போடக் கூடாது, போகப்போகிற இடத்தில் முன்கூட்டியே போட வேண்டும், ஏனென்றால் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆற்றும். இதைத் தன்னைவிட வயதில் மூத்த அடுத்தாளுக்கு, "அண்ணே, ஒரு தடவ பாருங்கண்ணே" என்று அத்தனை மரியாதையோடு அவர் சொல்லிக்கொடுத்ததை சாட்டில் எல்லாரும் படித்தோம். அந்த அண்ணனும் தம்பியிடம் கற்றுக்கொள்ளத் துளியும் தயங்கவில்லை. இருவருக்கும் நன்றி.

துபாய் மாமாவிடம் அவருடைய அடுத்தாள் ஒருநாள் தன் அக்கவுண்டைத் தருகிறேன், கிளான் வார் லீக் எனும் தொடர் போட்டியின் அட்டாக்கை நீங்களே போட்டுவிடுங்கள் என்று கேட்டான். மாமா மறுத்துவிட்டார். அக்கவுண்டைப் பிறர் கையில் கொடுப்பது விளையாட்டை நடத்தும் சூப்பர்செல் நிறுவனத்தின் விதிக்கே விரோதம். அதற்கும் மேலே, "உன் அட்டாக்கை நீயே போடு, நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்றார். ஒரு ஸ்டார்தான் வந்தது. அந்த ஒரு ஸ்டாருக்கு அவர் பாராட்டியதைப் போல நம் மூன்று ஸ்டாருக்கு யாரும் பாராட்டியதில்லை.

கிளான் வார் லீக்கில் ஏழு நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரே அட்டாக். முடிவில் போனஸ் மெடலை (கூடுதல் பரிசுப் பதக்கத்தை) யாருக்குக் கொடுப்பது என்று தலைமையில் இருப்பவர்கள் தீர்மானிக்கலாம். போன லீக்கில் பட்டியலைப் போட உட்கார்ந்தபோது, மேலாள்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தன் பெயரை எடுத்துவிட்டு அடுத்தாள் பெயரைப் போடச் சொன்னார்கள். பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது.

இனி வீட்டார். ஆன்லைன் விளையாட்டு என்றாலே ரம்மியும் அதில் போன பணமும் உயிரும்தான் நம் பக்கத்துத் தாய்மார்கள் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காகத்தான் தமிழ்நாட்டில் 2022இல் இணையவழிச் சூதாட்டத் தடைக்கு அவசரச் சட்டம் வந்து, 2023இல் சட்டமானது, 2025இல் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. இது அந்த வகை இல்லை, பந்தயம் கிடையாது என்று வாயால் சொன்னால் போதுமா? கானாடுகாத்தான் அம்மா ஒருவர் மகனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு பாடம் முழுவதையும் பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டு விஷயம் கேட்டார். ஜெம் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் ரத்தினம்) வாங்கப் பணம் கேட்குமே, அதை எப்படி அடைப்பது? பெரியவர்கள் பிள்ளைகளோடு தனியாகப் பேசலாமா? அந்த இரண்டு கேள்வியிலிருந்துதான் நம் இரண்டு விதிகள் பிறந்தன. பள்ளிப் பிள்ளைகளின் போனில் பணம் செலுத்தும் வசதியை அடைத்த பிறகே பாடம். பாடம் எல்லாமே எல்லாரும் படிக்கும் கிளான் சாட்டில்தான், தனி எண், தனிச் செய்தி எதுவும் கூடாது. அம்மா, உங்கள் கேள்விகளால் இன்றைக்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பத்திரமாக இருக்கிறார்கள். மனமார்ந்த நன்றி.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பும் நாட்களில் நம் மேலாள்களில் பலர் வார் விருப்பத்தைச் சிவப்புக்கு மாற்றிவிட்டு, அதாவது வாரில் இல்லை என்று குறித்துவிட்டு, நடக்கப் போய்விடுவார்கள். மற்ற வருடங்களில் அந்த வாரம் வாரே தொடங்கமாட்டோம். இந்த முறை அடுத்தாள்கள் தாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டு வாங்கினார்கள். பத்துப் பேருக்கு எதிராகப் பத்துப் பேர் மோதும் வார். எதிரணியில் யார் எந்த எண்ணை அடிப்பது, யார் இரண்டாவது அட்டாக்கைக் கடைசிவரை வைத்திருப்பது என்று எல்லாம் அவர்களே பிரித்தார்கள். கோட்டையூர்ப் பையன் எதிரணியின் இரண்டாம் எண்ணை மூன்று ஸ்டார் எடுத்தான், அதே ஃபனல். இறுதியில் ஸ்டார் சமம், அழிவு விழுக்காட்டில் முந்தி வென்றோம். நத்தம் பக்கம் தங்கியிருந்த தேவகோட்டை அண்ணன் விவரம் தெரிந்ததும், காலில் கொப்புளத்தோடு, சாட்டுக்கு வந்து ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியாக எழுதி வாழ்த்தினார்.

நாமெல்லாம் நேரில் சந்திக்கத் தங்கள் பெரிய வீட்டைத் திறந்துவிட்ட குடும்பத்துக்கும், வளவில் (உள்முற்றத்தில்) உட்காரவைத்து வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் பரிமாறிய ஆச்சிமார்களுக்கும் நன்றி. பழகிப் பார்க்க நட்பு வாருக்குக் கூப்பிட்டபோதெல்லாம் வந்த புதுக்கோட்டைப் பக்கத்துக் கிளானுக்கும் நன்றி. எங்கள் பிள்ளைகள் தோற்றபோது ஒரு வார்த்தை ஏளனம் வரவில்லை அவர்களிடமிருந்து.

புதுவயல் தம்பி வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போகிறார், கொஞ்ச காலம் விளையாட வரமாட்டார். அவருடைய அடுத்தாளான அண்ணன் இந்த மாதத்திலிருந்து மேலாள், ஆச்சி நோட்டில் பெயர் மாற்றியாகிவிட்டது. கோட்டையூர்ப் பையனும் கேட்டிருக்கிறான், ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் இன்னும் மேலாள் இல்லாமல் காத்திருக்கிறார்கள். ராத்திரி ஒன்பதிலிருந்து பத்துக்குள் நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் ஆச்சியிடம் சாட்டில் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
கிளான் தலைவர் பொறுப்பில் இருப்பவன்,
காரைக்குடி.