எல்லா மாத்திரையையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு டாக்டர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.பி.க்கு ஹார்ட் டாக்டர், சுகருக்கு சுகர் டாக்டர், முட்டி வலிக்கு எலும்பு டாக்டர் என்று ஒரே ஆள் மூன்று நான்கு ஃபைல் வைத்திருப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. அத்தனை ஃபைலையும் ஒன்றாகப் புரட்டிப் பார்க்கிற டாக்டர்தான் பல வீடுகளுக்கு இல்லை. அப்படி ஒருவர் இல்லாததால் என்னென்ன நடக்கிறது, இருந்தால் அவர் என்ன செய்வார் என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு விளக்கவே இதை எழுதுகிறோம். நாங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சிற்றூர் கிளினிக்குகளிலும் நோயாளிகளைப் பார்க்கும் பொது மருத்துவர்கள்.

கால் வீக்கத்திலிருந்து தொடங்குகிறோம். பி.பி.க்கு மிக அதிகமாகத் தரப்படும் மாத்திரைகளில் ஒன்று அம்லோடிபின். நல்ல மருந்து, விலையும் குறைவு. சிலருக்கு இதனால் கணுக்காலில் வீக்கம் வரும்; 5 மில்லிகிராமில் வராதவருக்கு 10 ஆக்கும்போது வரலாம். மருந்து சிறு ரத்தக்குழாய்களை விரிப்பதால் நீர் வெளியே கசிந்து காலில் தேங்குகிறது. மாத்திரைச் சீட்டைப் பார்க்காமல் காலை மட்டும் பார்த்தால் எக்கோ, கிட்னி டெஸ்ட், ரத்தக்குழாய் ஸ்கேன் என்று செலவு நீளும். நீர் பிரிய ஒரு மாத்திரையும் சேரும். இந்த வகை வீக்கத்துக்கு அது பெரிதாக உதவாது. வயதானவர்களுக்கு அதனால் சோடியம் குறைந்து தலைசுற்றல் வரும். தலைசுற்றலுக்கு இன்னொரு மாத்திரை எழுதப்படும். மூச்சு வாங்குகிறதா, முகம் வீங்குகிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்து, எதுவும் இல்லையென்றால் அம்லோடிபின் அளவைக் குறைப்பது அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவது. முதல்நிலை டாக்டர் செய்ய வேண்டியது அவ்வளவுதான். மருந்து எப்போது தொடங்கியது, வீக்கம் எப்போது வந்தது என்ற இரண்டு தேதிகளும் ஒரே நோட்டில் இருந்தால் போதும், விடை கிடைத்துவிடும்.

பி.பி.க்குத் தரப்படும் எனலாப்ரில் மாத்திரையும் இப்படித்தான். சிலருக்கு அதனால் சளியே இல்லாத வறட்டு இருமல் வரும். இருமல் டானிக், எக்ஸ்ரே, அலர்ஜி மாத்திரை என்று மாதக்கணக்கில் ஓடும். எனலாப்ரிலை நிறுத்தி லோசார்டன் அல்லது டெல்மிசார்டன் என்ற வேறு வகை பி.பி. மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் இருமல் நின்றுவிடும். (இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், காரணம் மருந்துதான் என்று தோன்றினாலும், காசநோய்க்கான சளிப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.)

எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மூன்றும் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி பி.பி.யை ஏற்றுபவை. ஏற்கெனவே சாப்பிடும் பி.பி. மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். டெல்மிசார்டனோ எனலாப்ரிலோ எடுப்பவர், அதோடு நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர், மேலே வலி மாத்திரையும் போட்டால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் சட்டென்று குறையும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயில் என்று உடலில் நீர் வற்றிய நாட்களில் இது பேராபத்து. மூன்று மருந்தையும் மூன்று பேர் எழுதியிருப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரி. முட்டி வலிக்கு முதலில் பாரசிட்டமால், தொடைத் தசைப் பயிற்சி, வலிக்கும் இடத்தில் தடவும் களிம்பு என்று தொடங்கினாலே பலருக்குப் போதும்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் ‘செட் மாத்திரை’யை இதில் சேர்க்காமல் விட முடியாது. பெயர் தெரியாமல் பேப்பரில் மடித்துத் தரும் அந்த நான்கைந்து மாத்திரைகளில் ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், பல நேரம் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். ஸ்டீராய்டு அன்றைக்கே உடம்பு வலியைப் போக்கும். அதனால்தான் ‘அந்தக் கடை மாத்திரை கேட்கிறது’ என்ற பெயர். சுகர் உள்ளவருக்கு அதே மாத்திரை சுகரை 300, 400 என்று ஏற்றிவிடும். பிறகு சுகர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள். ஸ்டீராய்டு நின்றதும் சுகர் தடாலென்று இறங்கும்.

இனி பி.பி. பார்க்கும் விதம். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் ஓர் எண்ணை வைத்துத்தான் என்பதால், அந்த எண் சரியாக இருக்க வேண்டும். வெயிலில் நடந்து வந்து, வரிசையில் நின்று, உட்கார்ந்தவுடன் பார்த்தால் எண் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார வேண்டும். பாதம் தரையில் படிய வேண்டும். கால் மேல் கால் கூடாது. கை இதய மட்டத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் அளவு பொய்யாகக் கூடும். காபி, பீடி, சிகரெட் முடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. பார்க்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டாவது முறையும் பார்க்க வேண்டும். வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பி.பி. என்று முடிவு செய்வது வழக்கம். 180/110 போல் மிக அதிகமாக இருந்தால் காத்திருக்கக் கூடாது.

மாத்திரை சாப்பிட்டு 130/80 வந்ததும் ‘நார்மல் ஆகிவிட்டது’ என்று நிறுத்துவோர் ஏராளம். நார்மல் ஆனது மாத்திரையால். நிறுத்தினால் சில நாளிலோ வாரத்திலோ மறுபடியும் ஏறும், பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல்.

சுகரில் கடைசியாகக் கவனிக்கப்படுவது பாதம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று உண்டு. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, பெருவிரல் அடியிலும் விரல்களின் அடிமேட்டிலும் அதை வளையும் வரை வைத்து எடுத்து, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். தெரியவில்லை என்றால் முள் குத்தினாலும், செருப்பு கடித்தாலும் அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, தினமும் இரவு பாதத்தைப் பார்ப்பது, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைப்பது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். இரண்டு காலுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதோடு ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின். சுகரின் மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ1சி ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை உள்ள பெண்களிடம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அவருடைய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று தெரிந்த டாக்டர்தான் அந்த எண்ணைச் சரியாகப் படிப்பார்.

இன்சுலின் போடுபவர்கள் பாட்டிலையும் சிரிஞ்சையும் இப்போதே எடுத்து ஒத்துப் பார்க்கும்படி வேண்டுகிறோம். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு. ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட், உயிருக்கே ஆபத்து. மாறிப்போய் 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது வெறும் 8 யூனிட். சுகர் இறங்கவே இறங்காது, டாக்டரும் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

அதனால்தான் டாக்டரைப் பார்க்க வரும்போது வீட்டில் உள்ள மருந்து முழுவதையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறோம்: ஊசி மருந்து, கண் சொட்டு, சூரணம், லேகியம், பக்கத்து வீட்டார் கொடுத்த மாத்திரை உட்பட. அட்டையைக் கத்தரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கடைசிவரை வைத்திருங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு டாக்டரிடமிருந்து வந்து, இரண்டையும் சாப்பிடுவது அந்தப் பையைக் கொட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஒரே டாக்டரிடம் தொடர்வது வெறும் வசதிக்காக என்று நினைக்க வேண்டாம். 2018இல் பல நாடுகளின் 22 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், 18 ஆய்வுகளில் ஒரே டாக்டரிடம் தொடர்ந்து செல்வோரிடையே இறப்பு குறைவாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் முதலில் எங்களிடம் வாருங்கள் என்றும் சொல்லவில்லை. நெஞ்சை அழுத்தும் வலியும் வியர்வையும், திடீரென்று வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, பேச்சுக் குழறுவது ஆகியவற்றுக்கு கிளினிக் வாசலில் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் பி.பி., சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நடக்க முடியாத முதியோருக்கும், கூலியை விட்டு வர முடியாதவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அருகிலிருந்து பார்க்கிறோம். ஆனால் அளவு 160/100 என்று நோட்டில் ஏறிய பிறகும் அதே மாத்திரை, அதே அளவில், மாதாமாதம் போய்க்கொண்டிருந்தால் பலனில்லை. அந்த எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றும் டாக்டரிடம் நோட்டு போய்ச் சேர வேண்டும்.

அரசிடமும் பெரிய மருத்துவமனைகளிடமும் நாங்கள் கேட்பவை சில. பி.பி., சுகர் போன்றவற்றைப் பார்க்கும் தொற்றா நோய்ப் பிரிவில் கூடுமானவரை ஒரே டாக்டர் அதே நோயாளிகளைப் பார்க்கும்படி முறை வையுங்கள். டாக்டர் இடம் மாறும்போது, அளவு கட்டுக்குள் வராத நோயாளிகளின் பட்டியலை அடுத்து வருபவரிடம் எழுத்தில் ஒப்படைக்கச் செய்யுங்கள். மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர் வீடு திரும்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டில் புதிதாகச் சேர்த்த மருந்து எது, நிறுத்திய மருந்து எது, ஏன் நிறுத்தினார்கள், அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதியில் என்ற நான்கையும் தமிழில் எழுதி, ஒரு நகலை அவரை அனுப்பிய டாக்டருக்கும் கொடுங்கள். நிறுத்திய மருந்தின் பெயர் சீட்டில் இல்லாததால், வீட்டிலிருக்கும் பழைய அட்டையையும் சேர்த்துச் சாப்பிடுவதுதான் இப்போது நடக்கிறது.

இப்படிக்கு,
பொது மருத்துவர்கள் சிலர்,
திருவண்ணாமலை மாவட்டம்